நிறைமாத அரசியின் நடை

எங்கள் ஊர் ஆதி அண்ணாமலை, திருவண்ணாமலை மலைக்கு மேற்கே இருக்கிறது. ராஜகோபுரத்து வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்புகிறவர்கள் 14 கிலோமீட்டர் வலப்பாதையில் வருண லிங்கத்தைத் தாண்டி, மாணிக்கவாசகர் கோயிலையும் ஆதி அருணாசலேசுவரரையும் கும்பிட்டு, வாயு லிங்கத்தைப் பார்க்க நடக்கும்போது எங்கள் தெருமுனையைக் கடந்தாக வேண்டும். பாதிக்கு மேல் நடந்து முடித்த இடம் அது. கால் கடுக்கத் தொடங்கி, அடி வைக்கும் வேகம் தானாகக் குறையும் இடம். பௌர்ணமி ராத்திரியில் எங்கள் திண்ணையில் யாராவது மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தபடியே எங்கள் ஆயா சொல்வாள்: "மலையச் சுத்தறவங்க ஓடக் கூடாது. நெறமாசப் புள்ளத்தாச்சி ராணி நடக்கற மாதிரி நடக்கணும்."

இது ஆயாவின் சொந்தச் சொல் இல்லை, இந்த மலையின் பழைய விதி. ரமண மகரிஷி தம்மோடு வலம் வந்தவர்களுக்குச் சொன்னதும் இதுவே. ஒன்பது மாதக் கர்ப்பிணியான ஓர் அரசி எப்படி அவசரம் இல்லாமல், அடி மேல் அடி வைத்து நடப்பாளோ அப்படி நடக்க வேண்டும். அவரே 1926 வரை மலையைச் சுற்றி வந்தார். அடியார்களோடு கிளம்பினால் ஓர் இரவு முழுக்க ஆகும். சில சமயம் வழியில் சமைத்துச் சாப்பிட்டு, மண்டபத்தில் படுத்தெழுந்து, இரண்டு மூன்று நாள்கூட ஆனதுண்டு. பாதையோரத்தில் மண்டபங்களையும் குளங்களையும் அமைத்தவர்கள், நடையும் ஓய்வும் சேர்ந்தால்தான் வலம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இன்று கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டதாகச் சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மண்டபங்கள்மேல் பரிதாபம் வருகிறது.

உடம்பை வேறு விதமாகப் பழக்கியவர்களும் நம் நாட்டில் இருந்தார்கள். மூச்சை அடக்குவது, நாடியை ஒடுக்குவது, இதயத்தையே நிறுத்திக் காட்டுவது. யோகி என்றதும் ஜனங்கள் வாய் பிளந்து பார்த்தது இவர்களைத்தான். நடக்கிற பாட்டியை யாரும் யோகினி என்று சொன்னதில்லை.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்கு பி.டி. டீச்சர். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் கோலம் போட்டு நிமிர்ந்தவள் வாசலிலேயே விழுந்துவிட்டேன். இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்கட்டளை கீழறைக்குப் போய்ச் சேராத நோய் என்றார்கள். ஹார்ட் பிளாக் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு உறவுக்காரர்கள் எல்லாரும் ரத்தக்குழாய் அடைப்பு என்றே நினைத்து, எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தச் சொன்னார்கள். அடைப்பு குழாயில் இல்லை, மின்வழியில். இடது காறை எலும்புக்குக் கீழே ஒரு கருவி, அதிலிருந்து ரத்தநாளம் வழியாக இதயத்துக்குள் இறங்கும் இரண்டு கம்பிகள். அதுதான் என் பேஸ்மேக்கர்.

இப்போது காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வயதானவர்கள் சிலர் யோகா செய்ய வருகிறார்கள். அவர்களில் என்னைப் போல் கருவி வைத்தவர்களும் உண்டு. 2009-ல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், அதன் இடத்தில் 2012-ல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இந்த வைத்தியத்தைக் கிராமத்து ஏழைக்கும் எட்டும்படி செய்திருக்கின்றன. வேலூர், புதுச்சேரி, சென்னை என்று போய் வைத்துக்கொண்டு வருகிறார்கள். வந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "டீச்சரம்மா, இதை வெச்சிக்கிட்டு யோகா பண்ணலாமா?" ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற பதில் என்னிடம் இல்லை. எந்த யோகம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கேட்கப் போனால் நூறு வருஷத்துக் கதை வந்து நிற்கிறது.

அந்தக் கதை எனக்கு எங்கள் மலையின் ஆமைப்பாறையில் தொடங்குகிறது. 1912. விரூபாட்ச குகையில் வாழ்ந்துகொண்டிருந்த ரமணர், பழனிசுவாமி, வாசுதேவ சாஸ்திரி முதலிய அடியார்களோடு பச்சையம்மன் கோயிலுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மலைவழியே திரும்பிக்கொண்டிருந்தார். ஆமைப்பாறைக்கு அருகில் உடம்பு தளர்ந்தது. எதிரே தெரிந்த காட்சியை ஒரு வெள்ளைத் திரை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்தது. நின்றார், தெளிந்தது. நடந்தார், மறுபடி மூடியது. மூன்றாம் முறை பாறையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சும் ரத்த ஓட்டமும் நின்று தோல் நீலம் பாய்ந்தது. சாஸ்திரி அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து உடம்புக்குள் ஒரு வேகம் பாய்ந்தது, மூச்சு திரும்பியது, வேர்த்துக் கொட்டியது. நினைவு மட்டும் கடைசிவரை தப்பவில்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். பி.வி. நரசிம்ம சுவாமி எழுதி 1931-ல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் இது விரிவாக இருக்கிறது.

இதை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு வரும் வெள்ளைத் திரையை நான் கோலத்தருகே பார்த்திருக்கிறேன். டப்ளின் நகரத்து மருத்துவர்கள் இருவர், ராபர்ட் ஆடம்ஸ் 1827-லும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846-லும், நாடி மிகவும் மெதுவாகித் திடீரென்று மயங்கி விழும் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் பெயரால்தான் அந்த மயக்கம் இன்றும் வழங்குகிறது. மகரிஷிக்கு நோய்ப்பெயர் சூட்டும் எண்ணம் எனக்குக் கிடையாது. அன்று அவர் மார்பில் கருவி வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. அத்தனை நேரம் ரத்த ஓட்டம் நின்றும் நினைவு தப்பாமல் ஒருவர் மீண்டதை நான் படித்த மருத்துவத்துக்குள் அடக்கவும் முடியாது. நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதற்கடுத்து அவர் சொன்னதை. இதை நான் வேண்டுமென்று வரவழைக்கவில்லை என்றார். வித்தையாக அதைக் காட்டிக்கொள்ளவில்லை. மூச்சடக்கம் பற்றியும் அவர் கருத்து அதுதான். 1927-ல் எழுதிய உபதேச உந்தியாரில், மூச்சை அடக்கினால் வலையில் பட்ட பறவைபோல மனம் அடங்கும் என்கிறார். ஒடுங்கின மனம் மறுபடி எழும், அழிந்த மனமே எழாது என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறார். பிராணாயாமம் அவருக்கு ஒரு துணை, அவ்வளவே.

ஆனால் அதே காலத்தில் வெளியுலகம் தேடி வந்தது வித்தையைத்தான். 1930, 31 வாக்கில் இந்தியாவில் சுற்றிய ஆங்கிலேயர் பால் பிரண்டன், திருவண்ணாமலை வந்து ரமணரைக் காண்பதற்கு முன்னால் சென்னையில் அடையாற்றங்கரையில் பிரமா என்ற ஹடயோகியைச் சந்தித்தார். அவர் தம் கண்ணெதிரே இதயத் துடிப்பையும் மூச்சையும் நிறுத்திக் காட்டியதாக 1934-ல் வெளியான தம் புத்தகத்தில் எழுதினார். புத்தகம் உலகமெங்கும் போயிற்று. மறுவருஷமே, 1935-ல், தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர், தூக்கிச் செல்லக்கூடிய ஈ.சி.ஜி. கருவியோடு இந்தியா வந்துவிட்டார். யோகிகள் மூச்சடக்கும்போது நாடியையும் மூச்சையும் இதயத்தின் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் காகிதத்தில் பதிந்தார். மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்திவந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் அவருக்கு உடம்பைக் காட்டியவர்களில் ஒருவர். ஒரு பதிவில் இதயத்தின் மின்கோடு ஏறக்குறைய படுத்தேவிட்டது என்று புரோஸ் அறிவித்தார். யோகி நினைத்தால் இதயத்தை நிறுத்தலாம் என்பது அறிவியலே ஒப்புக்கொண்ட செய்தியாக ஊர் ஊராகப் பரவியது.

இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பேச்சு அப்படியே நின்றது. 1957-ல் அமெரிக்காவிலிருந்து வெங்கர், பாக்சி என்ற இருவர் வந்தார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் உடலியல் பேராசிரியர் பி.கே. ஆனந்த் அவர்களோடு சேர்ந்துகொண்டார். இதயத்தை நிறுத்துவதாகச் சொன்னவர்களைத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். அதற்குள் கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்குக் குடிவந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டிய நிலையிலும் அவர் சோதனைக்கு உடன்பட்டார். முடிவுகள் 1961-ல் சர்குலேஷன் என்ற இதய மருத்துவ இதழில் வந்தன. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்து, தொண்டையை அடைத்து, வயிற்றையும் மார்பையும் இறுக்கும்போது மணிக்கட்டு நாடி தொலைந்துபோகிறது. காதில் குழாய் வைத்துக் கேட்டால் இதய ஒலியும் கேட்பதில்லை. ஆனால் ஈ.சி.ஜி. கோடு நிற்கவில்லை. இதயம் சுருங்கி விரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறியதால் உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைப்பட்டது. உள்ளே வராத ரத்தத்தை எப்படி வெளியே தள்ளுவது?

பேஸ்மேக்கர் வைத்தவர்களிடம் நான் விடாமல் சொல்வது இந்த ஒரு செய்தியைத்தான். நம் கருவி செய்வது தூண்டும் வேலை. துடிப்பு பிந்தினால் ஒரு சிறு மின்சாரம் தட்டி எழுப்பும். தள்ளுவதற்கு ரத்தம் வந்து சேரவேண்டியது நம் மூச்சையும் கால் தசையையும் பொறுத்தது. மூச்சை இறுக்கிப் பிடித்து ரத்தம் திரும்புவதைத் தடுத்தால், கருவி தன் கடமையைத் தவறாமல் செய்துகொண்டிருக்கும்போதே தலை சுற்றி விழலாம். அந்தக் காலத்து யோகி வருஷக்கணக்கில் பழகி, உட்கார்ந்த இடத்தில் செய்ததை, யூடியூப் பார்த்து மூலபந்தம், ஜாலந்தரபந்தம் என்று கட்டிக்கொண்டு செய்யக் கூடாது.

யோகிகளின் இதயத்தை மருத்துவர்கள் இந்தியாவில் சோதித்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் நிற்கிற இதயத்தை ஓட்டுவதற்கான கருவியும் பிறந்தது. 1957-ல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் மின்சாரம் தடைப்பட்டதையொட்டி, ஏர்ல் பேக்கன் என்ற பொறியாளர் பேட்டரியில் ஓடும், வெளியே மாட்டிக்கொள்ளும் பேஸ்மேக்கரைச் செய்து கொடுத்தார். 1958 அக்டோபர் 8-ம் தேதி ஸ்டாக்ஹோமில் முதல்முறையாக ஒரு கருவி உடம்புக்குள்ளேயே வைக்கப்பட்டது. அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங், கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட், நோயாளி ஆர்னே லார்சன். அவர் ஒரு நாளைக்குப் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவர் மனைவி எல்ஸ்-மாரி விடாமல் போய் மன்றாடியிருக்காவிட்டால் அந்தக் கருவி ஆய்வகத்திலேயே கிடந்திருக்கும். இரண்டு டிரான்சிஸ்டர்களையும் பேட்டரியையும் எபாக்சி பிசினில் பொதிந்து வார்ப்பதற்கு அச்சாக எடுத்துக்கொண்டது ஷூ பாலிஷ் டப்பா. அந்த முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. உடனே இன்னொன்று வைத்தார்கள். லார்சன் ஒன்று போய் ஒன்று என்று 26 கருவிகள் மாற்றிக்கொண்டு, 2001-ல் தமது 86-ம் வயதில், இதயத்துக்குச் சம்பந்தமில்லாத புற்றுநோயால் இறந்தார். தம்மைக் காப்பாற்றிய இருவரும் இறந்த பிறகும் உயிரோடு இருந்தார். என் வகுப்பில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது லார்சன் கதையைத்தான்.

அந்த ஆரம்பகாலக் கருவிகளுக்குத் தெரிந்தது ஒரே கதி. தூங்கினாலும் மாடிப்படி ஏறினாலும் அதே எண்ணிக்கை. பிறகு தேவைப்படும்போது மட்டும் தூண்டுகிற கருவி வந்தது. மேலறை, கீழறை இரண்டையும் கவனிக்கும் கருவி வந்தது. 1970-களில் லித்தியம் பேட்டரி வந்து கருவியின் ஆயுள் பல மடங்கு நீண்டது. உடற்பயிற்சி செய்கிறவருக்கு முக்கியமான மாற்றம் 1980-களின் நடுவில் நடந்தது. உடம்பின் அசைவை உணரும் படிகம் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, அசைவு கூடினால் துடிப்பையும் கூட்டும்படி செய்தார்கள்.

இங்கேதான் ஒவ்வொருவரும் தம் கருவியைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னைப் போல் மின்வழி மட்டும் அறுந்தவருக்கு, மேலறை இயற்கையாகவே வேகத்தைத் தீர்மானிக்கிறது. கருவி அதைக் கேட்டு அப்படியே கீழறைக்குச் சொல்கிறது. எனக்குக் கீழ் எல்லை 60, மேல் எல்லை 130. நான் வேகமாக நடந்தால் துடிப்பும் தானாக ஏறும், 130-க்கு மேல் கருவி தொடர்ந்து வராது. அதையும் மீறி ஓடினால் சில துடிப்புகள் விட்டுப்போய்த் திடீரென்று கால் துவளும். துடிப்பு பிறக்கும் இடமே பழுதானவர் கதை வேறு. அவருக்கு அந்த அசைவுப் படிகம்தான் கதி. ஒரு திரிகோணாசனத்தில் அசையாமல் நின்றால் தசை உழைக்கும், ஆனால் கருவிக்கு அது தெரியாது, துடிப்பைக் கூட்டாது. குண்டும் குழியுமான ரோட்டில் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து வந்தால், குலுக்கலை நடை என்று எடுத்துக்கொண்டு துடிப்பைக் கூட்டிவிடும். மலைமேல் இருக்கும் கந்தாசிரமத்துக்குப் படியேறும்போது உழைப்பு அதிகம், உடம்பு அதிர்வது குறைவு. இறங்கும்போது உழைப்பு குறைவு, குதிகால் பட்டு உடம்பு அதிர்வது அதிகம். அதனால் இந்த வகைக் கருவி சிலருக்கு ஏறுகிறபோது கொடுப்பதைவிட இறங்குகிறபோது கூடுதலாகக் கொடுக்கும். ஏற்றத்தில் மூச்சு முட்டினால் உடம்பு கெட்டுவிட்டது என்று ஒடுங்கிப்போக வேண்டாம். பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் சொன்னால், தோலுக்கு மேலே ஒரு கருவியை வைத்து இந்த அமைப்பை மாற்றித் தருவார்கள், கத்தி படாமலே.

என் குறை ஒன்று இருக்கிறது, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கும் தாளில் இந்த எண்கள் எல்லாம் இருக்கின்றன, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். கருவி ஏன் வைத்தார்கள், கீழ் எல்லை என்ன, மேல் எல்லை என்ன, அசைவை உணரும் வசதி போடப்பட்டிருக்கிறதா என்று நான்கு வரி தமிழில் எழுதிக் கொடுத்தால், எங்களைப் போன்ற யோகா சொல்லித்தருகிறவர்கள் இருட்டில் துழாவ வேண்டியதில்லை. அதுவரை நானே ஒரு நோட்டுப் போட்டு, வருகிறவர்களை அவர்கள் டாக்டரிடம் கேட்டு எழுதிவரச் சொல்கிறேன். எழுதி வராதவருக்கு நடையும் சவாசனமும் மட்டும்.

வைத்த புதிதில் தோள்தான் விஷயம். கம்பியின் நுனி இதயத் தசையோடு ஒட்டிக்கொள்ளச் சில வாரம் ஆகும். அதுவரை, வழக்கமாக 4 முதல் 6 வாரம், அந்தப் பக்கத்து முழங்கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது, 5 கிலோவுக்கு மேல் எடுக்கக் கூடாது. நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 12, 15 கிலோ வரும். அதை இடுப்பில் ஏற்றும்போது இடது கைதான் அணைக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஆசனத்தைவிட ஆபத்து அந்தக் குடம். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. பயந்துபோய்க் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி என்னிடம் வந்தபோது தோள் இறுகிப்போய், ஜாக்கெட் போட மகள் உதவ வேண்டியிருந்தது. முதல் வாரத்திலிருந்தே முழங்கையை மடக்கி நீட்டலாம், தோளுக்குக் கீழே கையை மெதுவாக வட்டமிடலாம், சாப்பிடலாம், தலை வாரக் குனிந்துகொள்ளலாம். அசையாமல் வைப்பது வைத்தியம் இல்லை.

காயம் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு, பெரும்பாலான ஆசனங்கள் திரும்பி வரும். எது வரக்கூடாது என்பதற்கு என் அளவுகோல் இரண்டு: கருவிமேல் பாரம் விழுகிறதா, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே அந்தக் கம்பி நசுங்குகிறதா. தனுராசனத்துக்காகக் குப்புறப் படுக்கும்போது கருவிமேல் பாரம் விழுகிறது. மயூராசனம், சக்கராசனம், சிரசாசனம், கையூன்றி உடம்பைத் தாங்கும் எதுவும் தோளில் பளுவை ஏற்றுகிறது. பல வருஷம் திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால் கம்பி முறியலாம். அவற்றை நான் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. சூரிய நமஸ்காரத்தைச் சுவரைப் பிடித்து நின்றபடியே செய்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்து முதுகை முறுக்குகிறோம். தாடாசனத்தில் வலக் கை முழுக்க மேலே போகும், இடக் கை தோள் அளவோடு நிற்கும். ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் நிற்கிற அந்த வரிசையைப் பார்க்கும்போது, அணிவகுப்பில் ஒரு விரல் பிசகினாலும் விசில் ஊதிய எனக்கு இதுவும் ஒழுங்காகவே தெரிகிறது.

கிருஷ்ணமாச்சாரியாரை இந்த இடத்தில் மறுபடி நினைக்க வேண்டும். ஈ.சி.ஜி. கம்பிகளுக்குக் கையைக் கொடுத்த அதே மனிதர், சென்னையில் கழித்த பிற்காலத்தில், நோயாளியின் நாடியைப் பார்த்து, வயதையும் தொழிலையும் கேட்டு, ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றிக் கொடுப்பவராக அறியப்பட்டார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அந்த வழியில்தான் நடக்கிறது. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் 2008-ல் யோக சிகிச்சைக்கென்றே ஓர் ஆய்வு மையம் வந்தது. இதயத்தை நிறுத்துவதுபோல் காட்டியது கிருஷ்ணமாச்சாரியார் வாழ்வில் சில நிமிடம். நோயாளிக்கு நாற்காலி போட்டது பல பத்து வருஷம். பேசப்பட்டது அந்தச் சில நிமிடம்தான் என்பது எனக்கு வருத்தம்.

மூச்சில் நான் அனுமதிப்பது மெதுவானதை. நாடிசுத்தி, அடக்கம் இல்லாமல். பிரமரி, முனகல் அளவில். கபாலபாதியும் பஸ்திரிகாவும் வேண்டாம் என்கிறேன். மனவளக்கலை மன்றத்தில் எளியமுறை உடற்பயிற்சி கற்று வந்தவர்களிடமும் மற்றதெல்லாம் செய்யுங்கள், கபாலபாதியை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சில கருவிகள் அசைவோடு மூச்சின் வேகத்தையும் அளக்கின்றன. படபடவென்று மூச்சு விட்டால், ஆள் ஓடுகிறார் என்று துடிப்பை ஏற்றிவிடும். காந்த வைத்தியம், காந்தப் படுக்கை, ஊசியில் மின்சாரம் விடும் அக்குபஞ்சர், இவற்றுக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம். காந்தம் பட்டால் கருவி நம் துடிப்பைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தன் போக்கில் தட்ட ஆரம்பிக்கும். செல்போனைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். எங்கள் பெண்கள் போனை ஜாக்கெட்டுக்குள் சொருகுகிறார்கள், அதுவும் இடது பக்கம். வகுப்புக்கு வந்ததும் முதல் வேலை அதை எடுத்து ஜன்னலில் வைப்பது.

கிரிவலத்துக்கு வருகிற கருவிக்காரர்களுக்கு இந்தப் பாதையில் குடியிருப்பவளாக நான் சொல்வதும் இதே வகைதான். அன்னதானப் பந்தலில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும் ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்து நிற்காதீர்கள், உள்ளே பெரிய காந்தம் இருக்கிறது. ஜெனரேட்டரை ஒட்டிப் படுக்காதீர்கள். கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தால் நின்று தயங்காமல் கடந்து போங்கள். கையில் பிடிக்கும் சோதனைக்கோலை மார்பருகே பிடிக்க வேண்டாமென்று, அடையாள அட்டையைக் காட்டிக் காவலரிடம் சொல்லுங்கள், அவர்களுக்குத் தெரியும். நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அடுத்த மண்டபம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. மார்பில் வலி, படபடப்பு, கண் இருட்டல் வந்தால் வலத்தை அங்கேயே நிறுத்தி உதவி கேளுங்கள். பேஸ்மேக்கர் மாரடைப்பைத் தடுக்காது, அது வேறு நோய்.

எங்கள் வகுப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். நெசவு செய்து ஓய்ந்தவர், திருமந்திரம் முழுக்கப் படித்தவர். கருவி வைத்து ஓராண்டு ஆன பிறகு என்னோடு வழக்காடினார். மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் இழுப்பதற்கு 16, அடக்குவதற்கு 64, விடுவதற்கு 32 மாத்திரை என்று கணக்குச் சொல்லியிருக்கும்போது, அடக்காமல் செய்வது எப்படிப் பிராணாயாமம் ஆகும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. நூலை மதிக்கிறவரிடம் கூடாது என்று மட்டும் சொன்னால் போதாது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தது. என் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அதை என் விரலில் மாட்டி, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரைத் திரையைப் பார்க்கச் சொன்னேன். அதில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலை ஓடும். ரத்தம் விரலுக்கு வந்து போவதன் அலை. மூச்சை இழுத்து, வயிற்றை இறுக்கிச் சில நொடிகள் மட்டும் பிடித்தேன். அலை குட்டையாகிக்கொண்டே வந்தது. விட்டதும் பழையபடி எழுந்தது. 1957-ல் அந்த மூவரும் பெரிய பெரிய கருவிகளை வைத்துப் பார்த்ததன் சிறு நகல். நீங்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், நான் செய்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

பெரியவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "துடிப்பு போய்க்கிட்டே இருக்குது, ஓட்டம்தான் வரலை இல்லம்மா?" என்றார். ஆமாங்க ஐயா என்றேன். திருமூலர் சொன்னது குருவோடு, பல வருஷம், படிப்படியாகப் பழகிய உடம்புக்கு. கம்பி வைத்த நெஞ்சுக்கு யாரும் அப்போது கணக்குப் போட்டிருக்க முடியாது. அதையும் சொன்னேன்.

இப்போது அவர் நான்கு எண்ணி இழுக்கிறார், ஆறு எண்ணி விடுகிறார், நடுவில் அடைப்பதில்லை. திருமந்திரத்தை மாலையில் வாய்விட்டுப் படிக்கிறார், அதுவே நீண்ட மூச்சுக்கு நல்ல பயிற்சி. பௌர்ணமிக்கு முழு வலம் போக அவர் டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆதி அருணாசலேசுவரரிடம் தொடங்கி வாயு லிங்கம் வரைக்கும் நடக்கிறார், வழியில் எங்கே உட்கார இடம் கண்டாலும் உட்கார்ந்துவிடுகிறார், திரும்பும்போது ஷேர் ஆட்டோ. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது குபேர லிங்கம் வரை கேட்டுப் பார்க்கிறேன் என்று நோட்டில் என்னை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்.